வாடை இல்லாத வாயு

என் கணவர் பிறை என்ற ஊரில் ஒரு சிறிய ஆலையில் வேலை பார்த்தார். வீட்டுக் குப்பையை வாயுவாக மாற்றி, அந்த வாயுவில் இயந்திரத்தை ஓட்டி, மின்சாரம் எடுக்கிற ஆலை அது. அதற்கு முன்னால் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற மெக்கானிக்காக இருந்தார். அந்த வேலையை விட்டு இதற்குப் போனபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "நல்ல வேலைய விட்டுட்டு சம்பா கம்பெனிக்குப் போயிட்டாராமே?" என்று ஒரு கல்யாண மண்டபத்தில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். சம்பா என்று நாங்கள் இங்கே சொல்வது நெல்லை அல்ல. மலாயில் குப்பைக்கு அதுதான் பெயர்.

அவருக்கு அதிலெல்லாம் கோபம் வராது. யாராவது "குப்பை எரிக்கிற இடம்" என்று சொல்லிவிட்டால் மட்டும் விடமாட்டார்.

"எரிக்கிறது இல்ல லா. எரிச்சா சாம்பலும் புகையுந்தான் மிஞ்சும். நாங்க காத்த அளவாக் குடுத்து சூட்டுல வேக வைக்கிறோம். அப்போ அது வாயுவா மாறிடும். அத இஞ்சின்ல விட்டா இஞ்சின் ஓடும், கரண்டு வரும்."

எங்கள் மகளுக்கு இது புரியவில்லை. ஒரு நாள் சாத்தே கடையில் உட்கார்ந்திருந்தபோது அடுப்பைக் காட்டினார். இறைச்சிக் குச்சிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் விசிறுவதைக் கொஞ்சம் நிறுத்தியிருந்தார். கரிக்கு மேலே மெல்லிய நீல நெருப்பு தவழ்ந்துகொண்டிருந்தது. "அங்க பாரு, கரி இல்ல எரியறது. கரிலேர்ந்து வர்ற வாயு. எங்க கம்பெனில செய்யறதும் அதான். இத்தனூண்டு அடுப்புக்குப் பதிலா நாலு மாடி உசரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு."

"நாறுமாப்பா?"

"குப்பைதான் நாறும். வாயுக்கு வாடையே கிடையாது. நிறமும் கிடையாது. அதான் அங்க பயம்."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார். நான் கடலைக் குழம்பில் வெள்ளரிக்காயைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

நாங்கள் ஜார்ஜ் டவுனில் ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் விற்பனைப் பெண். விற்பனைப் பெண் என்கிறேன், வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆனாலும் கடையில் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் அவர் மோட்டார் சைக்கிளில் படகுத்துறைக்குப் போய், அக்கரையில் இருக்கும் பிறைக்கு ஃபெரி ஏறுவார். நான் நடந்தே கடைக்குப் போவேன். மாலையில் வந்ததும் முன்னறையில் உட்காரமாட்டார். நேராகக் குளியலறை. சீருடையைத் தனி வாளியில் ஊறவைத்துவிட்டு, தலைக்கு இரண்டு முறை ஷாம்பு போடுவார். அப்படியும் தலையணை உறையில் புளித்த சோற்று நாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணமான பெண்களுக்குப் பழகிப்போகிற எத்தனையோ விஷயங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

ஒரு முறை ஊழியர் குடும்பங்களை ஆலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் மகளும் போனோம். கொட்டகைக்குள் லோரி பின்பக்கமாக வந்து குப்பையைக் கொட்டியது. பிளாஸ்டிக் பைகள் பிதுங்கி, சோறு, குழம்பு, குழந்தைகளின் டயப்பர், ஒற்றைச் செருப்புகள், முடி, மீன் முள் எல்லாம் வழிந்தன. ஓடுகிற பட்டையின் இரு பக்கமும் ஆட்கள் நின்று தகரத்தையும் கண்ணாடியையும் பொறுக்கி எறிந்தார்கள். மிச்சத்தை ஒரு இயந்திரம் நறுக்கியது, இன்னொன்று உலர்த்தியது. பிறகு அது அந்தப் பெரிய இரும்பு அடுப்புக்குள் போய்விட்டது. அதற்குமேல் கண்ணால் பார்க்க ஒன்றுமில்லை. குழாய்கள், வடிகட்டிக் கலன்கள், கடைசியில் ஒரு கண்டெய்னருக்குள் உறுமிக்கொண்டிருந்த இயந்திரம். அலுவலகத்தில் ஓடிய மின்விசிறியைக் காட்டி, "இது குப்பைல ஓடுது" என்று மகளிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்யாண ஆல்பத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அன்றைக்குத்தான் அவருடைய கூட்டாளியை முதலில் பார்த்தேன். அவருக்கு உதவியாளாக இருந்த வங்காளதேசத்து ஆள். முப்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும். என் கணவரை அபாங் என்பார், அண்ணன் என்று அர்த்தம். என்னைக் காக்காக், அக்கா. இரண்டு பேருக்கும் நடுவில் மலாய்தான் மொழி. இருவருக்குமே அது சொந்த மொழி இல்லை என்பதால் சிக்கனமாகப் பேசிக்கொள்வார்கள். அந்த வருடத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கோழிக்கறிக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். என் கணவர் சிரித்து, "ஹலால்தான் லா, மாமாக் முஸ்லிம் கடைல வாங்கினது, சாப்புடு" என்றார். அவர் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். போகும்போது தன் மகளின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். முன் பல் இரண்டும் விழுந்திருந்தன.

ஆலையில் ஆரம்பத்திலிருந்தே ஒரு தொல்லை இருந்தது. நம் ஊர்க் குப்பை ஈரம். சோறும் கறியும் பழத்தோலும்தான் பாதிக்கு மேல். எவ்வளவு உலர்த்தினாலும் ஈரம் மிஞ்சும். ஈரம் மிஞ்சினால் அடுப்பின் சூடு இறங்கும். சூடு இறங்கினால் வாயுவோடு தாரும் சேர்ந்து வரும். ரோட்டில் போடுகிற தார் போலவே கறுப்பாக, பிசினாக. அது வடிகட்டியையும் குழாயையும் அடைத்துக்கொள்ளும். அதைத் திறந்து சுரண்டுவது என் கணவரும் அந்தக் கூட்டாளியும்தான். அந்த நாட்களில் அவர் நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய் வருவார். மண்ணெண்ணெயில் துடைத்தாலும் போகாது. "வெளிநாட்டுல காஞ்ச குப்பைக்குச் செஞ்ச மிஷின்" என்று சாப்பிடும்போது சொல்வார். "நம்ம குப்பை அதுக்கு ஒத்துக்க மாட்டேங்குது."

அப்படி இருக்கையில் ஒரு தைப்பூசம் வந்தது. எங்கள் கடைக்கு எதிரிலேயே தேங்காய்களை மலையாகக் குவித்திருந்தார்கள். ரதம் வருவதற்கு முன் தமிழர், சீனர் எல்லோரும் சேர்ந்து உடைத்தார்கள். தெருவே வெள்ளையாகிவிட்டது. தேங்காய்த் தண்ணீர் கால்வாயில் ஓடியது. நாங்கள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படியில் நின்று கும்பிட்டோம். ரதம் நகர்ந்ததும் மண்வாரி இயந்திரங்கள் வந்து தேங்காயை அள்ளிப்போயின. ஒவ்வொரு வருடமும் அது குப்பை மேட்டுக்குத்தான் போகும். அந்த வருடம் ஆலையில் யாரோ, தேங்காய் ஓடு நல்ல எரிபொருளாயிற்றே, நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஓடு நல்ல எரிபொருள்தான். ஆனால் ஓடு தனியாக வரவில்லை. தேங்காய்ப் பருப்பும் தண்ணீரும் பூவும் சேறும் சேர்ந்து சில லோரிகள் நிறைய வந்து இறங்கின. உலர்த்துகிற இயந்திரம் அதைத் தாங்கவில்லை.

"சாமி தேங்காய அடுப்புல போட்டா இப்படித்தான்" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன்.

"சாமிக்கு என்னா? தாருதான் கழுத்தறுக்குது" என்றார். அந்த வாரம் முழுக்க ஒரே அடைப்பு. ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிட்டார்கள், போனார்.

அதற்கடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ, காலையில் நான் ஒரு கல்யாணக்காரருக்குப் பட்டுச் சேலைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. வாடிக்கையாளர் முன் எடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. முதலாளியம்மாவே, "எடுங்க, பரவால்ல" என்றார். ஆலையின் சூப்பர்வைசர், சீனர். மலாயில், உன் கணவருக்கு விபத்து, மருத்துவமனைக்கு வா என்று மட்டும் சொன்னார். உயிரோடிருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றார். அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவசரப் பிரிவில் அவர் வாயிலும் மூக்கிலும் குழாய்களோடு கிடந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வெயிலில் வேகமாக நடந்துவந்தவரைப் போல நல்ல நிறம். "பாக்க நல்லாத்தானே இருக்காரு" என்று தாதியிடம் சொன்னேன். அவள் தமிழ்ப் பெண். கொஞ்சம் தயங்கி, "அது அந்த கேஸ் செய்யிற வேலை அக்கா. ரத்தத்துல கலந்துட்டா அப்படித்தான் செவக்கும்" என்றாள்.

என்ன நடந்தது என்பதை வெளியே நடைவழியில் சூப்பர்வைசர் சொன்னார். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். வடிகட்டி அடைத்துக்கொண்டதால் அடுப்பை நிறுத்திவிட்டுக் கலனைத் திறந்திருக்கிறார்கள். அடுப்பிலிருந்து வருகிற குழாயின் வால்வை மூடியாயிற்று. ஆனால் வால்வுக்குள்ளேயே தார் உட்கார்ந்திருந்ததால் அது முழுதாக மூடிக்கொள்ளவில்லை. வாயு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. வாயு இருந்தால் கத்துகிற கருவி ஒன்று ரிப்பேருக்குப் போயிருந்தது, இன்னொன்று வேறு பக்கத்தில் இருந்தது. கூட்டாளி கலனின் வாயில் குனிந்து சுரண்டியிருக்கிறார். சத்தமில்லாமல் உள்ளே சரிந்துவிட்டார். மேடையில் நின்றிருந்த என் கணவர் கத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். அவரைத் தூக்கி, இடுப்பு வரைக்கும் கலனின் வாய்க்கு வெளியே தள்ளியும் விட்டார். அதற்குமேல் மூச்சைப் பிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள்தான் இரண்டு பேரையும் வெளியே இழுத்திருக்கிறார்கள்.

"அந்த ஆள்?" என்று கேட்டேன்.

சூப்பர்வைசர் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தா அடா" என்றார். இல்லை என்று அர்த்தம்.

என் கணவர் மறுநாள் கண் விழித்தார். என்னைப் பார்த்தார். "மோட்டார எங்க விட்டேன்?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைவலி இருந்தது, கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். மகள் அப்போது ஈப்போவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்தவள், அப்பா நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கடவுள் காப்பாற்றினார் என்றார்கள். அவர் மட்டும் அதற்குத் தலையாட்டவில்லை.

"தூக்கிட்டேன் தெரியுமா" என்று என்னிடம் சொன்னார். "அவன் கனமே இல்ல. சட்டையப் புடிச்சு மேல தள்ளிட்டேன். காத்து பட்டுச்சு அவன் மூஞ்சில. அப்புறம் ஏன்?"

அவர் இறங்குவதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. கூட்டாளியின் உடலை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அனுப்பிய அன்று இவர் சாப்பிடவில்லை.

அடுத்த சில வாரங்கள் நன்றாகவே போயின. காலையில் கடற்கரை வரை நடந்துவந்தார். திரும்ப வேலைக்குப் போவதா வேண்டாமா என்று பேசினோம். வேண்டாம் என்றுதான் இருந்தார். துறைமுகத்தில் பழைய ஆட்கள் யாரையாவது கேட்கலாம் என்றார். நான் கடைக்குப் போக ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் மாலை நான் வீடு திரும்பும்போது, அவர் லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ரொட்டிப் பாக்கெட். "என்னாங்க, மேல போகலையா?" என்றேன். "லிஃப்டு வரல" என்றார். பொத்தானை அவர் அமுக்கவேயில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. ரொட்டி சூட்டில் வேர்த்திருந்தது.

களைப்பு என்று நினைத்தேன். பிறகு காபியில் உப்பைப் போட்டார், குடித்தும் விட்டார். நடை மாறியது. பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பேச்சு குறைந்தது. முகம் அசைவதே நின்றுபோனது. கோபம், சிரிப்பு, வலி, எதுவும் முகத்துக்கு வரவில்லை. ஒரு காலையில் முன்னறை மூலையில், சாமி மேடைக்குப் பக்கத்தில், நின்றபடியே சிறுநீர் கழித்தார். முடித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் துணியை எடுத்து வந்தபோது, "மழைச்சாரலா?" என்று கேட்டார்.

மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்தார்கள். மருத்துவர் இளம் பெண். படத்தைத் திரையில் காட்டினார். மூளைக்குள் இரண்டு பக்கமும் வெள்ளையாக மேகம் போலப் படர்ந்திருந்தது.

"அக்கா, அந்த வாயுவால சில பேருக்கு இப்படி ஆகும். மொதல்ல நல்லாயிடுவாங்க, வீட்டுக்குப் போவாங்க. சில வாரம் கழிச்சு மூளைல அந்தப் பாதிப்பு வெளிய வரும். எல்லாருக்கும் வராது."

"ஒடம்புலதான் இப்ப அந்த வாயு இல்லையே டாக்டர்?"

"இல்ல அக்கா. அது மொத ரெண்டு நாள்லயே போயிடுச்சு."

"அப்ப இது?"

அவர் பேனாவை மூடினார். "அது போறதுக்கு முன்னாடி செஞ்சது. சில பேரு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மீண்டு வருவாங்க. பாக்கலாம். நம்பிக்கையா இருங்க."

வெளியே வந்தேன். அவர் நான் உட்காரவைத்த இடத்திலேயே, உட்காரவைத்தபடியே இருந்தார். பக்கத்தில் ஒரு மலாய்க்காரக் குழந்தை அவர் கைக்கடிகாரத்தைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது. முன்பென்றால் அதைத் தூக்கி மடியில் வைத்திருப்பார்.

மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவள் வீட்டில் இருக்கும் நேரம் நான் கடையில், நான் இருக்கும் நேரம் அவள் தொழிற்சாலையில். இடையில் விழுகிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா பார்த்துக்கொள்கிறார். நானும் மகளும் வாசலில்தான் சந்தித்துக்கொள்கிறோம். சாப்பிட்டாரா, குளித்தாரா, வெளியே போகப் பார்த்தாரா. எங்கள் பேச்சு அவ்வளவாகிவிட்டது.

ஆலைக்காரர்கள் இரண்டு முறை வந்தார்கள். பழக்கூடை கொண்டுவந்தார்கள். விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும், அவர் சாப்பிடும்போது சொன்னதுதான் தெரியும், அதைச் சொன்னேன். அதன் பிறகு ஆலை ஓடவில்லை. ஈரக் குப்பை பழையபடி குப்பை மேட்டுக்கே போகிறது.

இதெல்லாம் ஆகி நெடுநாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்த நேரம், ஒருவர் கதவைத் தட்டினார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ஒல்லி, அதே நெற்றி. இறந்துபோன கூட்டாளியின் அண்ணன். ஜொகூரில் கட்டட வேலையில் இருக்கிறாராம். தம்பியின் உடலோடு ஊருக்குப் போக அப்போது விடுப்புக் கிடைக்கவில்லை. இங்கே வரவும் இத்தனை நாளாகிவிட்டது என்று மலாயில் சொன்னார். ஒரு பையில் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார்.

என் கணவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். வந்தவரை நிமிர்ந்து பார்த்து, "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயா என்று. மலாயில் அந்த ஒரு கேள்வி மட்டும் அவருக்கு வழுக்காமல் வரும். தபால்காரரிடமும் கேட்பார், டாக்டரிடமும் கேட்பார்.

"சுடா, அபாங்" என்றார் வந்தவர், ஆயிற்று என்று. நாற்காலியில் உட்காராமல் தரையில், என் கணவரின் காலருகே உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, தான் தொந்தரவு கொடுக்க வரவில்லை, ஒன்று மட்டும் கேட்கவேண்டும் என்றார். "உங்கள் கணவர்தான் கடைசியாக அவனைத் தொட்டவர். அவன் ஏதாவது சொன்னானா? அம்மா தினமும் கேட்கிறாள். ஏதாவது பேசினானா என்று."

இவருக்கு நினைவில்லை, இப்போது எதுவும் கேட்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. என் கணவரின் பக்கத்தில் குனிந்து, தமிழில் கேட்டேன். "உங்க கூட்டாளி இருந்தாரே, அந்த வங்காளி. அவரோட அண்ணன் வந்திருக்காரு. தம்பி கடைசியா என்னா சொன்னாருன்னு கேக்கறாரு."

அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அந்தக் கண்ணுக்குள் ஏதோ ஒன்று தேடிக்கொண்டு போய், கிடைக்காமல் திரும்பி வந்தது.

"அவன் ஷிஃப்டு முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டானே" என்றார்.

தரையில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நான் பொய் சொல்லவில்லை. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "உங்கள் தம்பி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்கிறார்" என்று மலாயில் சொன்னேன்.

வந்தவர் தலையை ஆட்டினார். "யா" என்றார். "டியா சுடா பாலெக்." ஆமாம், வீட்டுக்குப் போய்விட்டான். என் கணவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. என் கணவர் அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு முறை கேட்டார்: "சுடா மாக்கான்?"

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். சோறு இருந்தது, மீன் குழம்பு இருந்தது. தட்டில் போட்டுக் கொண்டுவந்தேன். சாப்பிட்டாயிற்று என்று சொன்னவர் மறுக்காமல் சாப்பிட்டார். போகும்போது கதவருகே நின்று, அன்று தம்பியைக் காப்பாற்ற ஒருவர் இறங்கினார் என்பதே அம்மாவுக்குப் போதும் என்றார். லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன்.

வந்தது யார் என்று என் கணவர் அன்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

மீண்டு வரலாம் என்று மருத்துவர் சொன்ன மாதங்களெல்லாம் கடந்துவிட்டன. நடை கொஞ்சம் தேறியிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டால் கடற்கரை வரை வருவார். தானாகச் சாப்பிடுவார். மற்றதில் மாற்றமில்லை. போன முறை போனபோது மருத்துவர் நம்பிக்கை என்ற சொல்லைச் சொல்லவில்லை. அடுத்த வருகையை ஆறு மாதத்துக்குத் தள்ளிப் போட்டார்.

இன்று காலை அவருக்குச் சட்டை மாட்டிவிட்டேன். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், இறக்கச் சொன்னால் இறக்கினார். கடைசிப் பொத்தானைப் போடும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்கா" என்றார். குரலில் மரியாதை இருந்தது, தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதை. "எங்க வீட்டம்மா இன்னும் வரலையா?"

பொத்தானைப் போட்டு முடித்தேன்.

"கடைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க."

"சரி" என்றார். நாற்காலியில் போய் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கடைக்குக் கிளம்பினேன்.